பாதியில் இறக்கிய சாம்பல்

முந்திரிக் கொட்டையை எந்த நிமிஷத்தில் நெருப்பிலிருந்து இறக்க வேண்டும் என்று என்னைப் போலத் தெரிந்தவர்கள் கடலூரிலிருந்து பண்ருட்டி வரைக்கும் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண் நான். அடுத்தவர் கொட்டகையில் கூலிக்குக் கொட்டை உடைத்து, ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்தவள். இன்றைக்குச் சொந்தமாக மூன்று கொட்டகை வைத்திருக்கிறேன். புகையின் நிறத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவேன். கொஞ்சம் முன்னால் இறக்கினால் பருப்பு பச்சை, கொஞ்சம் பின்னால் இறக்கினால் கரி. பெரிய படிப்புப் படித்துவிட்டு மெஷின் வாங்கிப் போட்ட பையன்களும் என்னிடம் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

இந்த நெருப்புப் பதத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டாள். "நானாத்தான் கத்துக்கிட்டேன்" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் சொல்ல முடியும். ஒரு வார்த்தை புரியாமல் லத்தீனில் பூசை கேட்டு, முழங்கால் மரத்துப்போக நின்றவர்கள் நீங்கள். குருத்து ஞாயிற்றில் வாங்கிய ஓலையை வருஷம் முழுக்கச் சுவரில் செருகி வைத்திருந்து, அடுத்த விபூதிப் புதனன்று நெற்றியில் பூச எரிக்கக் கொடுத்தவர்கள். அந்தப் புதனை இப்போது எல்லோரும் சாம்பல் புதன் என்கிறார்கள். நமக்கு அது விபூதிப் புதன்தான்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். எனக்கு ஒன்பது வயது. என் அப்பா கடலூரில் ஒரு மாதா கோயிலில் கோயில்பிள்ளை. கோயிலின் பெயர் வேண்டாம், இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கதவு திறப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மூன்று வேளை மணியடிப்பது, பீடத் துணி துவைப்பது எல்லாம் அப்பா வேலை. இடுப்பில் ஒரு சாவி வளையம் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். கோயிலுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு அறையும் ஒரு அடுப்பங்கரையும் கொடுத்திருந்தார்கள். சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த வீடு.

அம்மா சிதம்பரத்துப் பெண், சைவக் குடும்பம். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியதும் பிறந்த வீட்டில் எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா.

மாமாவின் தொழில் விபூதி. சிதம்பரம் கீழ வீதியில் கை அகலத்துக்கு ஒரு கடை. சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, நெல் பதரைக் குவித்து, நடுவில் உருண்டைகளை வைத்து மூட்டம் போட்டு, நாள் கணக்கில் எரியவிட்டு, மெல்லிய துணியில் சலித்து எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து திருப்பாதிரிப்புலியூர் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, வெறும் பையோடு எங்கள் வீட்டுக்கு நடந்து வருவார். நெற்றியில் பட்டை, நகக் கண்ணிலெல்லாம் வெள்ளை. அவருக்கென்று அம்மா ஒரு பித்தளைக் குண்டான் வைத்திருந்தாள். அதில் மீன் வாசனை படவே படாது. அதிலே வடித்த சோற்றைத்தான் மாமா சாப்பிடுவார்.

மாமா கோயிலுக்குள் வரமாட்டார். அப்பாவோ பன்னிரண்டு மணி அடிக்கும் வரை கோயிலை விட்டு நகர முடியாது. அதனால் இரண்டு பேரும் மணிக்கூண்டு நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்ததும் வழக்கு ஆரம்பமாகும். கிறிஸ்து மதம் எங்கேயிருந்து வந்தது, எதிலிருந்து பிறந்தது, யாருக்கு யார் மூத்தவர்? ஒரு நாள் கூட வேறு பேச்சு பேசி நான் கேட்டதில்லை.

"ஒங்க சாமி பொறந்ததுக்குத் தேதி வச்சிருக்கீங்க. செத்துப் பொழச்சதுக்கு மட்டும் ஏன் மாப்ள பௌர்ணமி பாக்குறீங்க? பஞ்சாங்கத்த எங்க வீட்லேர்ந்து எரவல் வாங்கினீங்களா?" என்பார் மாமா.

பதிலை அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்போதிருந்த கிழட்டுப் பங்குச் சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்து அப்பாவுக்கு வாதம் எடுத்துக்கொடுப்பார்.

"அது யூதருங்க பண்டிகை மச்சான். எகிப்துலேர்ந்து தப்பிச்சி வந்த நாளு. அவுங்களுக்கு நெலாக் கணக்குதான். எங்க ஆண்டவரு யூதராத்தான பொறந்தாரு?"

"அப்ப நீங்க யூதரு வீட்ல குடியிருக்கீங்க. வூட்டுக்காரன வெளிய தள்ளிட்டுத் தின்னுட்டுத் தூங்குறீங்க."

அப்பா இதற்கு இரண்டு வாரம் யோசித்தார். சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு ஞாயிறு, மாமா பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்தார்.

"மச்சான், இந்தப் புலியூர்லயே ஒங்களுக்கு முன்னாடி சமணரு மடம் இருந்துச்சில்ல? அங்கேருந்துதான தேவாரம் பாடுன ஒங்க பெரியவரு ஒருத்தரு கட்சி மாறி வந்தாரு? இப்ப அந்த மடம் எங்க? நீங்க யாரு வூட்ல குடியிருக்கீங்க?"

மாமா பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மணிக்கூண்டே அதிரச் சிரித்தார். எழுந்து போய்க் கதவில் கோடு போட்டார்.

அந்தக் கதவைச் சொல்ல வேண்டும். மணிக்கூண்டின் மரக் கதவின் உள்பக்கம் இவர்களுக்குக் கணக்குப் பலகை. இடது பக்கம் மாமாவுக்கு, வலது பக்கம் அப்பாவுக்கு. ஒரு வாதம் முடிந்தால், தோற்றவர்தான் ஜெயித்தவர் பக்கத்தில் ஆணியால் ஒரு கீறல் போட வேண்டும். ஜெயித்தவர் ஆணியைத் தொடக்கூடாது. அப்பாவுக்கு இடதுகைப் பழக்கம். அதனால் அவர் மாமாவுக்குப் போட்ட கீறல்கள் ஒரு மாதிரி சாய்ந்திருக்கும். மாமா அப்பாவுக்குப் போட்டவை செங்குத்தாக நிற்கும்.

தோமையார் மயிலாப்பூர் வந்த கதையை வைத்து அப்பா ஒரு தடவை ஜெயிக்கப் பார்த்தார். "அவுரு வந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசம் ஆவுது மச்சான். நாங்க ஒண்ணும் வெள்ளக்காரன் கப்பல்ல வந்தவங்க இல்ல."

"அவ்ளோ தூரம் வந்தவரு சிதம்பரத்துக்கு ஒரு எட்டு வந்துருக்கலாமே. ரயிலு இல்லியோ?"

இன்னொரு தடவை, டிசம்பர் இருபத்தைந்து ரோமாபுரியில் சூரியனுக்குத் திருவிழா எடுத்த நாள் என்று கடையில் விபூதி வாங்கும் காலேஜ் வாத்தியார் சொன்னதாக மாமா கொண்டுவந்தார். அப்பா அசரவில்லை. "பழைய கொட்டாயில புதுக் கல்யாணம் நடந்தா பொண்ணு பழசாயிடுமா?" என்றார். மாமா ஆணியை எடுத்தார். என் பேரன் இதையெல்லாம் போனில் தேடிப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் இன்னமும் இதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்கிறான். நடத்தட்டும். என் அப்பாவும் மாமாவும் ஆளுக்கு ஒன்பது கீறல் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. "எம் பொறந்த வீட்லேர்ந்து வர்ற ஒரே ஆளு. அவருகிட்ட ஒரு நாளாவது மொகம் குடுத்துப் பேசக்கூடாதா நீ?" என்று அப்பாவைத் திட்டுவாள். அது சண்டை என்றே கடைசிவரை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா மணிக்கூண்டு அடியை இரண்டு தரம் பெருக்குவதை அவள் கவனித்ததில்லை. மாமா உட்காரும் செங்கலைத் தண்ணீர் விட்டுக் கழுவி வைப்பார். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும்.

அந்த மார்கழியில் கிழட்டுச் சாமியாரை மாற்றிவிட்டுப் புதியவரை அனுப்பினார்கள். இளம் வயது, ஒல்லி உடம்பு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எங்கள் தெருவில் காய்ச்சல் வந்த வீடுகளுக்குத் தானே கஞ்சி தூக்கிக்கொண்டு போனவர். ஆனால் பட்டை போட்ட ஒருவர் வாரா வாரம் கோயில் வளாகத்தில் உட்கார்ந்து வாதாடுவது அவருக்கு ஒப்பவில்லை. கோயில் காரியம் பார்க்கும் மூப்பர்கள் இரண்டு பேர் வேறு போய் அவர் காதில் ஓதியிருந்தார்கள்.

ஒரு நாள் நான் தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாமியார் அப்பாவிடம் பேசினார்.

"கோயில்பிள்ள, ஜனங்க ஒன்னப் பாத்துத்தான் நடக்குறாங்க. ஒன் விசுவாசமே ஆடுதுன்னு பேசிக்கிறாங்க. இன்னொரு தடவ என் காதுல விழுந்துச்சுன்னா, சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

"சரிங்க சாமி."

"அந்த ஆளுக்கு ஒன்னால பதில் சொல்ல முடியலன்னா, அவர வரச்சொல்லாத."

பெரியவர்கள் பேசினால் பிள்ளைகள் தங்களுக்கு ஏற்ற மாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். நான் பண்ணிக்கொண்ட அர்த்தம் இது: அப்பா மாமாவிடம் தோற்றால் அவருடைய விசுவாசம் போய்விடும். விசுவாசம் போனால் சாவி போகும், சாவி போனால் வீடு போகும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் மணிக்கூண்டுக்குப் பின்னால் நின்று, அப்பா பதில் சொல்லிவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்வேன்.

அந்த வருஷம் சிவராத்திரி வெள்ளிக்கிழமை வந்தது. விபூதிப் புதன் அடுத்த வாரமே. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது, வீடு வீடாகச் சேகரித்த பழைய குருத்தோலைகளை அப்பா மணிக்கூண்டு ஓரம் வெயிலில் பரப்பியிருந்தார்.

"என்னா மாப்ள இது, கூர மேயப் போறியா?"

"விபூதிப் புதனுக்கு எரிக்கணும் மச்சான்."

"பேரே எங்களுது."

"பேரு தமிழோடது. ஒங்களோடது இல்ல."

"சரி, சாம்பலு?"

"அது நினிவே பட்டணத்துலேர்ந்து வருது. ராஜாவே கிரீடத்தக் கழட்டி வச்சிட்டுச் சாம்பல்ல குந்துனாரு. சிதம்பரம் கோயிலுக்குக் கல்லு சுமக்கிறதுக்கு முன்னாடி."

மாமா ஒரு ஓலையை எடுத்து, தீப்பெட்டியை உரசிக் கொளுத்தினார். அது சுருண்டு எரிந்து அவர் உள்ளங்கையில் கறுப்பாக விழுந்தது. இன்னொரு கையால் மடியிலிருந்து புது விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் நீட்டினார். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை.

"பாரு. இது வேகல மாப்ள. பாதியில எறக்கிட்டீங்க. உள்ள இன்னும் கரி இருக்கு. முழுசா எரிஞ்சா எல்லாம் வெள்ளதான், சாணியோ ஓலையோ மனுசனோ. நீங்க பாதி வழியில எறங்கிக்கிட்டு இதான் ஊருன்னு சொல்றீங்க."

அப்பா மாமாவின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது, மணியடிக்கவில்லை. சாமியார் தங்கியிருந்த மேடை வீட்டு ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. அப்பா ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். திரும்பி வந்து ஆணியை எடுத்தபோது மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். ஒரு வாரம் டைம் எடுத்துக்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன், பதிலு சொல்லு. சொல்லலன்னா அப்பப் போடு."

அடுத்த ஞாயிறு. எனக்கு அந்த வார்த்தைதான் காதில் இடித்துக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா ஓலைகளை எரித்து, சாம்பலைச் சலித்து, ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு மூடினார். கறுப்புச் சாம்பல். மத்தியானம் அவர் பீடத் துணிகளைத் துவைத்துக் காயப் போடப் போனார். அம்மா ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

சாம்பலை வெள்ளையாக்கிவிட்டால் அப்பா ஜெயித்துவிடுவார். எப்படி வெள்ளையாக்குவது என்று மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு மண் சட்டியில் சாம்பலைக் கொட்டினேன். கீழே வரட்டி, சுற்றிலும் வரட்டி, மேலே பதர். பாதியில் எதையும் இறக்கக்கூடாது என்று மட்டும் மனதில் இருந்தது. குனிந்து ஊதினேன். குப்பென்று பிடித்தது. இமை மயிர் பொசுங்கிய வாசனை வந்தது. சட்டியை நகர்த்தப் போய் வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். அழவில்லை. வரட்டி நொறுங்கிச் சட்டிக்குள் விழுந்தது, அதையும் எடுக்கவில்லை, எரியட்டும் என்று விட்டேன். ஆறியபோது சாம்பல் பால் மாதிரி இருந்தது. அதில் எது ஓலை, எது சாணம் என்று கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. அம்மாவின் பழைய சேலைத் துணியில் சலித்து, டப்பாவில் போட்டு மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். இமை மயிர் போனதைப் பார்த்து அம்மா, "அடுப்புல மூஞ்சிய வுட்டுக்கிட்டு ஊதாதன்னா கேக்குறியா" என்று விரலுக்குத் துணி சுற்றிவிட்டாள்.

மறுநாள் காலைப் பூசையில் அப்பா டப்பாவைப் பார்க்காமலேயே பீடத்தில் வைத்தார். சாமியார் புதுத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் திறந்து அதில் தீர்த்தம் தெளித்தார். நனைந்ததும் சாம்பல் கறுத்துச் சேறு மாதிரி ஆனது. விபூதி பூசுகிறவர்களுக்குத் தெரியும், ஈரத்தில் அது நிறம் காட்டாது. சாமியார் ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். மண்ணுக்கே திரும்பப் போகிறாய் என்று அந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தமிழில் சொன்னார். புரிந்ததாலேயே பலர் அழுதார்கள். என் நெற்றியில் போட்டபோது சில்லென்று இருந்தது.

பூசை முடிவதற்குள் காய ஆரம்பித்தது. முதல் வரிசையில் இருந்த மூப்பர் நெற்றியில் வெள்ளை பூத்தது. அப்புறம் பக்கத்தில் இருந்தவருக்கு. பிறகு பெண்கள் பக்கம். நான் திரும்பிப் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு சிலுவையாகப் பளிச் பளிச் என்று வெளுத்தது. ஒரு கிழவி பக்கத்துக்காரியின் நெற்றியைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். "இது துன்னூறுடி" என்றாள். அவ்வளவுதான், முந்தானையால் துடைக்கிறவர்களும் வாசலுக்கு ஓடுகிறவர்களுமாக ஆகிவிட்டது. அப்பா மட்டும் மெழுகுவத்தி அணைக்கும் கோலோடு அப்படியே நின்றார். அவர் நெற்றியிலும் வெள்ளைச் சிலுவை.

சாமியார் கத்தவில்லை. "ஞாயித்துக்கெழம பூசை முடியிறதுக்குள்ள யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிடு" என்றார்.

அன்று மத்தியானம் அப்பா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார். அவள் மாதா மேல் சத்தியம் செய்தாள். என்னைக் கேட்டார்.

"நீ இதத் தொட்டியா?"

"இல்லப்பா."

"எம் பொண்ணு பொய் சொல்லாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டப்பாவை மூடினார்.

அதிகாரிகள், வியாபாரிகள், கொட்டகைக்குள் கத்தியோடு வந்தவன் என்று நான் வாழ்க்கையில் யாருக்கும் பயந்ததில்லை. அந்த நாலு நாளும் என் அப்பாவுடைய சாவிச் சத்தத்துக்குப் பயந்து கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. மணிக்கூண்டு அடியில் சாமியாரும் இரண்டு மூப்பர்களும் நின்றார்கள். அப்பா சாவி வளையத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள், உள்ளே பித்தளைக் குண்டானில் சோறு கொதிக்கும் சத்தம். அப்போது மாமா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "என்னா மாப்ள, பதிலு கெடச்சுதா?" என்று தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"இவருதான் சாமி, சிதம்பரத்து ஆளு" என்றார் ஒரு மூப்பர்.

சாமியார் மரியாதையாகத்தான் கேட்டார். "அய்யா, புதன்கெழம குடுக்க வச்சிருந்த சாம்பல்ல விபூதி கலந்தது நீங்களா?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு முன்னால் அப்பா பேசினார். "இல்ல சாமி. அவுரு என்னா வேணா பேசுவாரு. அப்பிடிப் பண்ண மாட்டாரு."

"அப்ப யாரு கோயில்பிள்ள? சொல்லு. இல்லன்னா சாவியக் குடு."

அப்பா சாவியை நீட்டினார். மாமா அந்த வளையத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இமை மயிர் இல்லாத என் கண்களையும், துணி சுற்றிய விரலையும். அவர் பார்வை விரலிலேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து மூட்டத்து நெருப்போடு வாழ்ந்தவர் அவர்.

"நான்தாங்க" என்றார். "போன ஞாயித்துக்கெழம வந்தப்ப, அந்தச் சாம்பல்ல எங் கையில இருந்தத ஒரு பிடி அள்ளிப் போட்டேன். வாதத்துல ஜெயிக்கணும்னு."

அப்பா திரும்பினார். "மச்சான்" என்றார். அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

இனிமேல் இந்த வளாகத்தில் கால் வைக்கக்கூடாது என்று சாமியார் சொன்னார். மாமா தலையாட்டினார். போகும்போது அப்பாவை ஒரு தரம் பார்த்தார், எதற்கோ காத்திருப்பவர் மாதிரி. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா, "அண்ணே, சோறு" என்று இரண்டடி வந்து நின்றுவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா சாவியை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு மணி அடித்தார்.

கொஞ்ச நாளில் மாசிமகம் வந்தது. நெத்திலி வாங்கப் போகிறோம் என்று சொல்லி அம்மா என்னைத் தேவனாம்பட்டினம் கூட்டிப்போனாள். சாமிகளெல்லாம் கடலுக்கு வந்திருந்தன, மணலே தெரியாத கூட்டம். அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டை போட்ட ஒவ்வொரு ஆளின் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா வரவில்லை. மீனும் வாங்காமல் திரும்பினோம். அந்தப் பித்தளைக் குண்டானைக் கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்தாள். பின்னால் என் கல்யாணத்துக்கு எதையெதையோ விற்றபோது அதுவும் போய்விட்டது.

அந்த வருஷத்தோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும், காலையில் அங்கே போனாலே வாந்தி வரும். படிப்பு ஏறவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். கொட்டை உடைக்கப் போனேன். அங்கே வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், நான் நிற்பேன். அப்படித்தான் மேலே வந்தேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சொந்தக் கொட்டகை போட்ட முதல் வருஷம், ஒரு பை முந்திரியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். மாமா அதே கடையில் இருந்தார். கண் மங்கியிருந்தது. என் விரலைப் பிடித்து, தழும்பைத் தடவிப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்துகொண்டார்.

"மாமா, அன்னிக்கி நான்தான்" என்றேன்.

"அதான் தெரியுமே."

"அப்ப ஏன் மாமா அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னனே. அத்தினி பேரு எதுர சொன்னனே. நான் வந்தது ஞாயித்துக்கெழம. அவன் ஓல எரிக்கிறது எப்பவும் செவ்வாக்கெழம. எரிக்காத சாம்பல்ல நான் எப்பிடிக் கலப்பேன்? எங்கூட இத்தினி வருசம் வாதாடுனவன், ஒடனே புடிச்சிடுவான்னு நெனச்சேன். போற வரைக்கும் பாத்தேன். புடிக்கல." சிறிது நேரம் பொட்டலம் மடித்தார். "சரி, நீ சொல்லிக்கிட்டு இருக்காத. இத்தினி நாளு கழிச்சி அவனுக்கு எதுக்கு?"

அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நான் உயர உயரச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அம்மா போன பிறகு அப்பா கடைசிவரை என்னோடுதான் இருந்தார். கொட்டகைக்கு யார் வந்தாலும், "அஞ்சாங்கிளாசுதான் படிச்சிது. ஆனா எம் பொண்ணு பொய் சொல்லாது" என்பார். மாமா இறந்த செய்தி வந்தபோது போகலாமா என்று கேட்டேன். "என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது" என்றார். மாமா செய்ததற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோயில் மணிக்கூண்டுக்குத் தேக்கில் புதுக் கதவு போட்டார்கள். என் செலவுதான், கல்வெட்டில் பெயர் இருக்கிறது. பழைய கதவை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயிண்ட் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மாமா இறந்த வருஷத்துத் திருவிழாவுக்கு அடித்தது. வயதாகி வேலையை விட்ட பிறகும் அப்பா தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு விரலால் தடவினேன். வலது பக்கம் அப்பாவுக்கு ஒன்பது. இடது பக்கம் மாமாவுக்கு ஒன்பது. பதினெட்டுக் கீறலும் பெயிண்டுக்கு அடியில் இருந்தன. மாமா பக்கத்தில் பத்தாவதாக ஒன்று, பெயிண்டையே கீறிக்கொண்டு மரம் வரைக்கும் இறங்கியிருந்தது. இடதுகைக்காரர் போட்ட மாதிரி சாய்ந்த கீறல்.

செவ்வாய்க்கிழமையை அப்பா பிடித்துவிட்டார். அதைப் பிடித்தவருக்கு, மாமா இல்லையென்றால் வீட்டில் வேறு யார் என்று தெரியாமல் இருந்திருக்காது. மாமா போன பிறகும் ஆறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டார். தட்டில் கையை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குழம்பு போதவில்லையோ என்று நினைத்து நான் இன்னொரு கரண்டி ஊற்றுவேன்.